விதி பதினான்கின்படி ஒரு புகையடுப்பு

ஏப்ரல் நான்காம் தேதி, காலை ஒன்பது பத்து. தபால் வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. வெர்லன் ஹாஸ்கெட் வாசல் பெட்டியருகே நின்றபடியே கடிதத்தைப் பிரித்தார்.

டிராமெல் கிரீக் கல்லறைச் சங்கம் அனுப்பியிருந்தது.

"அன்புள்ள பிரதர் வெர்லன், மே மாதம் முதல் ஞாயிறன்று நடக்கும் நினைவு நாள் விருந்துக்குத் தங்கள் குடும்பம் புகையில் வாட்டிய மாட்டு நெஞ்சுக்கறி கொண்டுவர வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம். புதிதாகப் புகையடுப்பு வாங்குவோர் சங்கத்தின் புகைக் குழு அனுமதிக்கும் முன் வாங்கக் கூடாது. சென்ற ஆண்டு தாங்கள் கொண்டுவரவில்லை. தங்கள் மனைவியின் மறைவே காரணம் என்பதைச் சங்கம் ஆழ்ந்த அனுதாபத்துடன் பதிவு செய்துள்ளது. அனுதாபம் தெரிவிக்கப்பட்ட ஆண்டும் தவறிய ஆண்டே. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தவறும் குடும்பத்தின் காலியிடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்."

காலியிடம் என்பது கல்லறையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் இடம். அவர் மனைவி நெல்டா இருநூற்றுப் பதினொன்றில் இருந்தாள். போய் ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே கல். இடப்பக்கம் அவள் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வலப்பக்கம் அவர் பெயர், பிறந்த தேதி, ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல். ஞாயிறுதோறும் போய் அந்த வெறும் கல்லையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வருவார்.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் சங்கத் தலைவர் ராய்ஸ் டிராமெலின் மருமகனுடையது. டல்லஸில் பல் மருத்துவர். முப்பத்தெட்டு வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெர்லனிடம் கறியை நாள் முழுக்கப் புகையில் வாட்டும் புகையடுப்பு இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவருக்குச் சமைக்கத் தெரியாது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவர். முட்டை வேகவைப்பார்.

ஊருக்கு இது தெரியாது. வெர்லன் ஹாஸ்கெட் நினைவு நாள் கறிச் சமையல் போட்டியில் பதினோரு முறை முதல் பரிசு வாங்கியவர் என்பதுதான் ஊருக்குத் தெரியும்.

அது நடந்தது இப்படி. போட்டிப் படிவத்தில் 'சமைத்தவர்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'குடும்பத் தலைவர் பெயரை எழுதவும்' என்று போட்டிருந்தது. முதல் வருடம் நெல்டாவே அவர் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள். பரிசு கிடைத்தது. மேடையில் ஏதாவது பேசச் சொன்னார்கள். அவள் அடுப்பருகே முணுமுணுத்தது நினைவுக்கு வர, "ஓக் கட்டையும் பொறுமையும்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுவருடம் அந்த வரி சங்கத்தின் பனியனில் அச்சாகியிருந்தது. அவள் முணுமுணுத்தது வேறு. "ஓக் கட்டை இருக்கு, பொறுமைதான் தீந்துபோச்சு."

ஐந்தாவது வருடம் அவள் சிரிக்கவில்லை. படிவத்தை அவர் முன்னால் வைத்து, "நீங்களே எழுதுங்க" என்றாள். அவர் எழுதினார்.

அவளுடைய புகையடுப்பு கொல்லையில் நின்றது. எண்ணெய்க் கிணற்றுக் குழாயை வெட்டி அவள் அண்ணன் பற்றவைத்துக் கொடுத்தது. கூலி ஒரு பெட்டி பீர். அவள் போன மூன்றாம் வாரம், சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்க்க முடியாமல், வெர்லன் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொன்னார். அவன் அதை நேரே சங்கத்துக்கு விற்றுவிட்டான்.

*

சங்கக் கூடத்தில் புகைக் குழுவின் நேர்காணல். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ராய்ஸ் டிராமெல். அவருக்கு வலப்பக்கம் புகை ஆய்வாளர் எல்வின் பக். மாவட்ட எடைமேடையில் லாரி நிறுத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். இடப்பக்கம் குறிப்பெழுதும் ரெவா. நெல்டாவின் அக்கா.

மூலையில் சிவப்புக் கயிறு கட்டிய இடத்தில் நெல்டாவின் புகையடுப்பு நின்றது. துருவைச் சுரண்டி எண்ணெய் பூசியிருந்தார்கள். பித்தளைத் தகட்டில் 'பதினோரு முறை வென்ற பிரதர் வெர்லன் ஹாஸ்கெட்டின் புகையடுப்பு' என்று பொறித்திருந்தது.

"அடுப்பு இல்லையா? உங்ககிட்டயா?" என்றார் ராய்ஸ். "பாஸ்டர்கிட்ட பைபிள் இல்லேங்கற மாதிரி இருக்கு பிரதர்."

"அதோ இருக்கே. ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா போதும்."

"அது பாரம்பரியச் சொத்து."

"தீ வெச்சா நல்லாத்தான் எரியும்."

"அதான் பயமே. பாரம்பரியத்துல தீ வெச்சா அப்புறம் அது அடுப்பாயிடும்."

எல்வின் தலையாட்டினார். ரெவா எழுதிக்கொண்டாள்.

ராய்ஸ் விதிப் புத்தகத்தைத் திறந்தார். திறக்காமலே அவருக்குத் தெரியும். "விதி பதினாலு. உறுப்பினரோட புகையடுப்பு நடுத்தர விலையில இருக்கணும். ஏன்னு கேளுங்க."

வெர்லன் கேட்கவில்லை.

"மலிவா வாங்கினா செத்தவங்களுக்கு அவமானம். ஒசத்தியா வாங்கினா உயிரோட இருக்கறவங்களுக்கு அவமானம். மரியாதை நடுவுலதான் இருக்கு. நான் வாழ்க்கை பூரா நடுவுலயே இருந்தவன். எங்கப்பா ஆயிரத்து இருநூறு ஏக்கரை எனக்கு எழுதி வெச்சாரு. அப்பக்கூட நான் என்ன பண்ணேன்? நட்டநடு ஏக்கரா பார்த்துத்தான் வீடு கட்டினேன்."

"நடுத்தரம்னா எவ்வளவுங்க?"

"இன்னிக்கா?" எல்வின் ஒரு தாளைப் புரட்டினார். "உறுப்பினர்ங்க எல்லாரோட அடுப்பையும் விலைப்படி வரிசையா எழுதுவோம். வரிசைக்கு நடுவுல எது வருதோ அதான் நடு. நூறு டாலர் முன்னப்பின்ன இருக்கலாம். இன்னிக்குக் காலையில எழுநூத்தி நாப்பது."

"நாளைக்கு?"

"நாளைக்கு யாராவது வாங்கினா நகரும்."

"சரி. ஒண்ணப் பார்த்து வெச்சுட்டு வந்து அனுமதி கேக்கறேன்."

"பார்த்து வெச்சதுக்கு எப்படி அனுமதி குடுக்கறது?" என்றார் எல்வின். "வாங்கணும். பத்தவைக்கணும். நான் உக்காந்து பாக்க ஒரு முழு நெஞ்சுக்கறி சமைக்கணும். அப்புறம்தான் அனுமதி."

"அனுமதி கிடைக்கலேன்னா கடையில திருப்பி எடுத்துப்பாங்களா?"

எல்வினுக்குச் சிரிப்பு வந்தது. "பத்தவெச்சத எவன் எடுப்பான்?"

"அப்ப அனுமதிக்கு முன்னாடி வாங்கக் கூடாதுன்னு கடிதத்துல போட்டிருக்கே?"

"ஆமா," என்றார் ராய்ஸ். "வாங்கக் கூடாது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

*

இரும்புக்கடை டூயி, வெர்லனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். நாற்பது வயது. மூன்று வருடம் போட்டியில் நின்று மூன்று வருடமும் தோற்றவன்.

"எது நல்லது டூயி?"

"என்னைக் கேக்கறீங்களே சார்! கேலி பண்ணாதீங்க."

"நெஜமாத்தான் கேக்கறேன்."

"சோதிக்கறீங்க. தெரியும் எனக்கு." டூயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்க பாருங்க. நீங்க எதைத் தொடறீங்கன்னு நான் பாக்கறேன்."

பதினேழு ரக அடுப்புகள் நின்றன. படுக்கைவாட்டில் சில. நெட்டுக்குத்தாகச் சில. முட்டை வடிவில் பீங்கானில் ஒன்று. வெர்லன் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரங்கள் மட்டும் அவருக்குப் புரிந்தன. ஒன்றின் சக்கரம் ஆடாமல் இருந்தது. பக்கவாட்டில் தீயறை வைத்த கறுப்பு அடுப்பு. எழுநூற்று ஐம்பது டாலர். சக்கரத்தை ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"சக்கரம்!" என்றான் டூயி மெதுவாக. "எனக்கு இது தோணவே இல்லையே."

அவர் வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள் அதே ரகத்தின் மேல் அட்டை தொங்கியது. 'வெர்லன் ஹாஸ்கெட் இதைத்தான் வாங்கினார்.' அன்று மாலைக்குள் ஆறு விற்றன.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்வின் மடக்கு நாற்காலியோடு வந்தார். கொல்லையில் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மடியில் அட்டை, காதில் பென்சில்.

வெர்லன் கட்டையைப் போட்டார். புகை வெள்ளையாக வந்தது. நெல்டாவின் புகை நீலமாக, இருப்பதே தெரியாமல் போகும். இது பக்கத்து வீட்டு நாயைத் தும்மவைத்தது. கறியை வைத்து மூடினார். ஏழு மணி. எட்டு. பதினொன்று. கறிக்குள் செருகிய வெப்பமானியின் முள் நூற்று அறுபது டிகிரியில் நின்றது. ஒரு மணி அடித்தது. நூற்று அறுபது. மூன்று மணிக்கும் அதேதான். கறி கெட்டுவிட்டதா, முள் கெட்டுவிட்டதா, என்ன செய்ய வேண்டும், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் செய்யாமல் நின்றார்.

"இதைத்தான் பாக்கணும்னு இருந்தேன்," என்றார் எல்வின். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். "எங்க முள்ளு நின்னுபோனா நாங்க பதறுவோம். கட்டை போடுவோம், திறந்து பார்ப்போம், பேப்பர்ல சுத்துவோம். நீங்க பாருங்க, அசையவே இல்லை. ஓக் கட்டையும் பொறுமையும்."

"கொஞ்சம் பதறினா தேவலைன்னு தோணுது எல்வின்."

"தன்னடக்கம் வேற."

ஆறு மணிக்கு வெட்டினார்கள். கத்தி இறங்க மறுத்தது. எல்வின் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நாய் வேலிவரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"செருப்பு," என்றார் எல்வின் கடைசியில்.

"எனக்கும் அப்படித்தான் படுது."

"பதினோரு பதக்கக்காரர் கையில கறி இப்படி ஆகுதுன்னா," எல்வின் எழுந்து அடுப்பைச் சுற்றி வந்தார், "இது எப்பேர்ப்பட்ட அடுப்பு!"

"அடுப்பு மேல தப்பு இருக்கும்னு தோணலை."

"யாரையும் விட்டுக்குடுக்க மாட்டீங்களே நீங்க. அடுப்பைக்கூட."

அடுப்பு நிராகரிக்கப்பட்டது. அந்த ரகமே சங்கத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதை வாங்கிய ஆறு பேருக்கும், முன்பே வைத்திருந்த ஒன்பது பேருக்கும், பத்து நாளில் வேறு அடுப்பு காட்டும்படி அறிவிப்புப் போயிற்று. பதினைந்து பேர் புதிதாக வாங்கினார்கள். எதற்கு வம்பு என்று கொஞ்சம் ஒசத்தியாகவே வாங்கினார்கள். நடு எண்ணூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது.

*

இரண்டாவது அடுப்பு நெட்டுக்குத்தான பீப்பாய். கறி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. "இப்படிக்கூட ஒரு அடுப்பு செய்ய முடியுமா!" என்றார் எல்வின். இருபத்திரண்டு வீடுகளுக்கு அறிவிப்பு.

மூன்றாவது மின்சாரத்தில் ஓடுவது. மரத்தூள் குளிகையைத் தானே அள்ளித் தானே எரித்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கினால் போதும் என்று பெட்டியில் போட்டிருந்ததால் வெர்லன் அதை எடுத்தார். சமைப்பதற்கு முன்பே மின்சாரம் தீயா இல்லையா என்று கூட்டம் கூடிற்று. ராய்ஸ் இருபது நிமிடம் பேசினார்.

"தீங்கறது பொறுப்பு. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து கட்டை தள்ளினாத்தான் செத்தவங்களுக்குக் குடுக்கற மரியாதை. பொத்தானை அமுக்கிட்டுத் தூங்கப் போறவனுக்கு இந்தக் கல்லறையில இடமில்லை. இந்த மிஷினை நான் வெறுக்கறேன். ரெண்டு வருஷமா தினம் ராத்திரி ஒம்பது மணிக்குப் பொத்தானை அமுக்கும்போது நான் எவ்வளவு வெறுக்கறேன்னு என் மனைவிகிட்ட கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. ரெவா எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவதும் நீக்கப்பட்டது. முப்பத்தோரு வீடு. தலைவரின் வீட்டுக்கு அறிவிப்பு போகவில்லை. அவருடைய மிஷின் ஆராய்ச்சிக்கானது என்று குறிப்பில் இருந்தது.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஊர்ச்சாலையின் இரு பக்கமும் புகையடுப்புகள் வரிசையாகக் கிடந்தன. பழைய இரும்புக்காரன் இரண்டாவது லாரி வாங்கினான். மாட்டுத்தீவனக் கடையில் ஒரு ஆள் வெர்லனை வழிமறித்தான்.

"அடுத்து எதை வாங்கப் போறீங்க? முன்னாடியே சொல்லிடுங்க சாமி. என்னோடது அதுவா இருந்தா இப்பவே வித்துடறேன்."

"இனிமே வாங்கலப்பா."

"வாங்காம எப்படி? நாங்க இவ்வளவு பேர் தெருவுல போட்டுட்டு நிக்கறோம், நீங்க மட்டும் சும்மா இருப்பீங்களா?"

வெர்லனின் கொல்லையில் மூன்று அடுப்புகள் நின்றன. ஜன்னலைத் திறந்தால் மூன்றும் அவரைப் பார்த்தன. அன்று ஒன்றைப் பார்க்க முடியாமல்தான் இரும்புக்காரனைக் கூப்பிட்டிருந்தார்.

*

திங்கட்கிழமை மாலை ரெவாவின் வீட்டுக்குப் போனார். அவள் சமையலறையில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார்.

"ரெவா, நெல்டா எப்படிப் பண்ணுவா?"

"எதை?"

"கறியை."

"அதை எங்கிட்ட வந்து கேக்கற? பதினோரு பதக்கம் யார் வீட்டுச் சுவத்துல தொங்குது?"

"உனக்குத் தெரியுமில்ல."

"தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்." காம்பைக் கிள்ளிப் போட்டாள். "ஒவ்வொரு வருஷமும் நீ மேடை ஏறுவ. அவ கீழ என் பக்கத்துல நிப்பா. கையில புகை நாத்தம் போயிருக்காது. என் மணிக்கட்டப் பிடிச்சுக்குவா. 'இந்த வருஷமாவது சொல்லுவாரு பாரு'ம்பா."

வெர்லன் மேசைமேல் இருந்த ஒரு பீன்ஸை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், திரும்ப வைத்தார்.

"எங்கிட்ட கேட்டதே இல்லையே அவ."

"கேட்டு வாங்கற விஷயமா அது?"

"எங்கயாவது எழுதி வெச்சிருக்காளா? எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்..."

"முப்பத்தாறு வருஷம் கூட இருந்த. ஒரு நாள் அந்த அடுப்புகிட்ட போய் நின்னு, 'என்ன பண்ற'ன்னு கேட்டிருந்தா, எல்லாத்தையும் சொல்லிருப்பா. வாய் ஓயாம சொல்லிருப்பா. அவளுக்குப் பேச ஆளில்லாமத்தான் கட்டைகிட்ட பேசிட்டிருந்தா."

வாசல்வரை வந்தபிறகு வெர்லன் கேட்டார். "புதன்கிழமை கூட்டத்துக்கு நீ வருவதானே?"

"நான் வராம குறிப்பு யாரு எழுதறது?"

*

ஏப்ரல் இருபத்தொன்பது, மாலை ஆறு மணி. நினைவு நாளுக்கு நான்கே நாள். கூடத்தில் நாற்காலி போதவில்லை. அடுப்பில்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். டூயியும் வந்திருந்தான். அவன் கடையில் பதினேழு ரகத்தில் மூன்றுதான் மிச்சம். மூன்றும் தடை செய்யப்பட்டவை.

ராய்ஸ் எழுந்தார். பனியனில் 'ஓக் கட்டையும் பொறுமையும்'.

"சகோதரர்களே, சகோதரிகளே. பட்டியல்ல இப்ப ஒரு அடுப்புகூட இல்லை. இது நம்ம சங்கத்துக்குப் பெரிய வெற்றி. தப்பான மூணு ரகத்தையும் கண்டுபிடிச்சு நீக்கிட்டோம், மிச்ச ரகத்தையெல்லாம் சந்தேகத்துல நீக்கிட்டோம். எந்தத் தப்பும் இல்லாத ஒண்ணுதான் பாக்கி." மூலையைக் காட்டினார். "அதோ. இனிமே அதே மாதிரிதான். அச்சு அசலா. அதே குழாய், அதே துரு. சங்கமே செய்யும், எல்லாரும் வாங்கணும். எல்லாரும் ஒரே விலைக்கு வாங்கறதால அந்த விலைதான் நடு. விலையை நாங்க அப்புறம் சொல்றோம். இந்தக் குழுவுக்கு ஆயுள் தலைவரா பிரதர் வெர்லன் ஹாஸ்கெட்டை முன்மொழியறேன்."

கைதட்டினார்கள். சிலர் கடுப்போடு தட்டினார்கள். வெர்லன் எழுந்தார். தட்டுவது அதிகமாயிற்று. அவர் கையை உயர்த்தினார். மேடையில் நின்ற பதினோரு முறையும் இந்தக் கையைத்தான் உயர்த்தியிருந்தார்.

"நான் சமைக்கலை," என்றார்.

"இந்த வருஷம் சமைக்கலை. புரியுது. அடுப்பு சரியில்லை."

"எந்த வருஷமும் சமைக்கலை. நெல்டாதான் சமைச்சா. பதினோரு தடவையும். நான் அந்த மூடியைக்கூடத் திறந்ததில்லை."

எல்வின் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். திரும்பவும் அங்கேயே வைத்தார்.

"துக்கம்," என்றார் ராய்ஸ் கூட்டத்தைப் பார்த்து. "ஆழமான துக்கம்."

"துக்கம்தான். ஆனா நான் சொல்றது நெஜம்."

"அப்ப அந்த அடுப்புங்க எல்லாம்..." என்றான் டூயி பின்னாலிருந்து.

"நல்ல அடுப்புங்கதான் டூயி. எனக்குத்தான் சமைக்கத் தெரியாது."

சுவரோரம் நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ராய்ஸ் சுத்தியலால் மேசையைத் தட்டினார். உட்கார்ந்தார். விதிப் புத்தகத்தை இந்த முறை உண்மையாகவே திறந்து படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போது அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"விதி மூணு. சமைக்கறவர் யாரோ அவரே உறுப்பினர். பிரதர் வெர்லன், நீங்க சொல்றது நெஜம்னா, சிஸ்டர் நெல்டாதான் உறுப்பினர்."

"ஆமா. அவதான். எழுதிக்குங்க."

"சந்தோஷமா எழுதறோம். கல்லுல அவங்க பேருக்குக் கீழ பதினோரு வெற்றியும் செதுக்கறோம். செலவு சங்கத்தோடது." பக்கத்தைப் புரட்டினார். "விதி ஏழு. உறுப்பினர் தன் பக்கத்து இடத்தைத் துணைவருக்குக் குடுக்கணும்னா, உயிரோட இருக்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கணும். உங்க இடத்துக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"நீங்க உறுப்பினர் இல்லையே. சிஸ்டர் நெல்டா போட்டிருக்கணும். அவங்க கையெழுத்து வாங்க முடியுமா இப்ப?"

யாரோ சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார்.

"முடியாது," என்றார் வெர்லன்.

"அப்ப இருநூத்திப் பன்னண்டு இன்னிக்கே காலி. கல்லுல உங்க பேர் இருக்கற பக்கத்தை இழைச்சு விட்டுடுவோம். அந்தச் செலவும் சங்கத்தோடது. நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்லை."

வெர்லன் நின்றுகொண்டே இருந்தார். ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார். கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும் அளவுக்குத்தான் தாழ்த்தினார்.

"இன்னொரு வழியும் இருக்கு பிரதர். நீங்க சொன்னது குறிப்புல ஏறினாத்தான் சொன்ன மாதிரி. ஏறலேன்னா யாரும் எதுவும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை ஏதோ ஒரு கறியைக் கொண்டாங்க. செருப்பா இருந்தாலும் சாப்பிடறோம். பன்னண்டாவது பதக்கத்துல உங்க பேர் ஏற்கெனவே அடிச்சாச்சு. அவங்க பக்கத்துலயே இருப்பீங்க. உங்க கல்லு உங்க கல்லுதான். இதைவிட நடுநிலையா ஒரு சங்கம் எப்படி நடந்துக்க முடியும்?"

எல்வின் தன் பூட்ஸைப் பார்த்தார். டூயி வாசலைப் பார்த்தான். மூலையில் சிவப்புக் கயிற்றுக்கு அப்பால் நெல்டாவின் அடுப்பு எண்ணெய்ப் பளபளப்போடு நின்றது. பித்தளைத் தகட்டில் வெர்லனின் பெயர் இருந்தது.

ராய்ஸ் திரும்பினார். "சிஸ்டர் ரெவா, பிரதர் வெர்லன் சொன்னதை எழுதினீங்களா?"

"இன்னும் இல்லை," என்றாள் ரெவா. பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தாளை நேராக்கினாள். ராய்ஸைப் பார்க்கவில்லை.

"இந்த வருஷமாவது எழுதட்டுமா, வெர்லன்?"